அம்மா நகர்த்திய மஞ்சள் காந்தம்

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்குப் படம் தேடுவதும் அச்சகத்துக்கு அலைவதும் தம்பியின் பொறுப்பு, எழுதுவது என் பொறுப்பு என்று பேசிக்கொண்டோம். "அம்மாவப் பத்தி நல்லதா நாலு வார்த்த எழுதுக்கா, வர்றவங்க படிப்பாங்க" என்று தம்பி சொன்னான். அம்மாவைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தைகளுக்குக் குறைவில்லை. எங்களைப் பற்றிச் சொல்லத்தான் ஒன்றும் இல்லை. ஆகவே, பெற்றவளைப் பொன்போல வைத்துப் பார்த்துக்கொண்ட பெண் என்று என்னைப் பாராட்ட வந்திருப்பவர்கள் தயவுசெய்து சாப்பிட்டு முடித்துவிட்டு இதைப் படியுங்கள்.

அம்மா பிறந்தது குத்தம்பாக்கத்தில். ஐந்து பெண்களில் மூன்றாமவர். திருமழிசைக்குப் பேருந்தில் போய்ப் பத்தாம் வகுப்புவரை படித்தார். நல்ல மதிப்பெண் வாங்கியும் மேலே அனுப்பவில்லை. மாப்பிள்ளைக்கு ஆவடி தொழிற்சாலையில் வேலை, குடியிருக்கக் குவார்ட்டர்ஸ் வீடு என்றதும் வேறு எதையும் விசாரிக்காமல் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

குவார்ட்டர்ஸில் எதிர் வீடு திருநெல்வேலி, பக்கத்து வீடு தர்மபுரி. ஊருக்கொரு தமிழ் பேசும் அந்தக் கூட்டத்தில் அம்மாவின் பேச்சு மட்டும் கடைசிவரை மாறவில்லை. என் பள்ளித் தோழிகளிடம் "இன்னாம்மா, துன்னுட்டு வந்தியா" என்று கேட்பார். எனக்கு மானம் போகும். ஒழுங்காகப் பேசத் தெரியாவிட்டால் உள்ளே போய் இரு என்று ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொன்னேன். அம்மா உள்ளே போய் எல்லோருக்கும் பஜ்ஜி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அப்போது எனக்குப் பதிமூன்று வயது. வயதைச் சொன்னது சாக்குக்காக அல்ல. அதற்குப் பிறகு நான் செய்தவற்றைப் பார்த்தால் பதிமூன்று வயதில் நான் தங்கமான பெண்.

அப்பா வீட்டில் துரும்பைக் கிள்ளிப் போட்டதில்லை. ஷிப்ட் முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்தால் தண்ணீர்கூடக் கைக்கு வரவேண்டும். ஓய்வு பெற்ற பிறகு வாதம் வந்து இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தார். அந்த இரண்டு வருடமும் அம்மா அவரைப் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டி, அனுப்பிவைத்தார். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த நான், என் வீட்டில் இந்த அநியாயம் நடக்காது என்று கல்யாணத்துக்கு முன்பே என் கணவரிடம் வாக்கு வாங்கினேன். அவரும் மனமாரக் கொடுத்தார். இருவருக்கும் ஐடி வேலை, இருவருக்கும் ஒரே களைப்பு, வேலையும் சரிபாதி.

அப்பா இறந்த அடுத்த மாதம் என் மகள் பிறந்தாள். மூன்று மாதம் துணைக்கு வந்து இரு என்று அம்மாவை மேனாம்பேட்டில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துவந்தேன். அந்த மூன்று மாதம் ஆறு வருடம் ஓடியது.

எங்கள் வீட்டு பிரிட்ஜின் கதவில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. என் கணவர் ஏற்பாடு செய்தது. இடப்பக்கம் 'செய்ய வேண்டியவை', வலப்பக்கம் 'முடிந்தவை'. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காந்தம். சிவப்பு என்னுடையது, நீலம் அவருடையது. பாத்திரம், துணி, காய் நறுக்குவது, குப்பை, பாப்பாவின் குளியல் என்று சீட்டெழுதி ஒட்டியிருக்கும். ஞாயிறுதோறும் யாருக்கும் ஒன்று கூடாமல் குறையாமல் மாற்றிப் போடுவோம். வேலை முடிந்ததும் காந்தத்தை வலப்பக்கம் நகர்த்த வேண்டும்.

மாலையில் நாங்கள் அலுவலகத்திலிருந்து வரும்போது காந்தங்கள் பெரும்பாலும் வலப்பக்கம் போயிருக்கும். அம்மா வேலையைச் செய்துவிட்டு காந்தத்தையும் நகர்த்தி வைத்திருப்பார். "நாங்க வந்து செய்றோம்னு சொன்னோமே அத்தை" என்று என் கணவர் தினமும் தவறாமல் சொல்வார். சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்வார். நான் அதைக்கூடச் சொல்லமாட்டேன். எங்கள் சரிபாதியில் எள்ளளவும் பொய் இல்லை. அவருடைய பாதியையும் என்னுடைய பாதியையும் அம்மா செய்தார். அம்மாவுக்கு மட்டும் பலகையில் நிறம் இல்லை.

மகளிர் தினத்துக்கு எங்கள் அலுவலகத்தில் குடும்பப் பொறுப்பைப் பகிர்வது எப்படி என்று பேச அழைத்தார்கள். அந்தப் பலகையைப் படம் எடுத்துக் காட்டலாம் என்று பிரிட்ஜ் முன்னால் நின்றேன். பக்கத்தில் அம்மா மாவு அரைத்துக்கொண்டிருந்தார். புடவை படத்தில் விழுகிறது, கொஞ்சம் தள்ளி நில் என்றேன். மாவுக் கையோடு பால்கனிக்குப் போய் நின்றார். பேச்சுக்கு நல்ல கைதட்டல். பூங்கொத்தும் கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்து அம்மாவிடம்தான் தந்தேன், தண்ணீரில் போட்டு வைக்கச் சொல்லி.

போன வருடம் ஆடி மாதத்தில் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. துணி காயப்போட மாடிக்கு ஏறினால் நடுப்படியில் உட்கார்ந்துவிடுவார். தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டு இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டும் பலகைக்கு வந்தது. முதல் சனிக்கிழமை அது நீலம். அவருக்கு ஏதோ அவசர வேலை வந்து சிவப்பாயிற்று. எனக்கு அடுத்த வாரம் மீட்டிங். போன தடவை பள்ளிக்கூடத்துக்கு நான்தான் போனேன், தடுப்பூசிக்கு நான்தான் போனேன் என்று இருவரும் பழையதையெல்லாம் கிளறிப் பேசினோம். பேச்சு சண்டையானது. அம்மா சமையலறையில்தான் இருந்தார். தன்னை அழைத்துப் போவது யார் தலையில் விழுகிறது என்று இரண்டு பேர் அடித்துக்கொள்வதைக் கேட்டபடி அந்த இரண்டு பேருக்கும் தோசை ஊற்றினார்.

கடைசியில் சமாதானத்துக்கு என் கணவர் ஒரு மஞ்சள் காந்தம் கொண்டுவந்தார். யாருக்கு முடிகிறதோ அவர் அழைத்துப் போவது. நல்ல யோசனை என்று நானும் ஒப்புக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை ஆளுக்கொரு வேலையாக வெளியே போயிருந்தோம். மாலை வந்து பார்க்கிறேன், மஞ்சள் வலப்பக்கம் இருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அவர் போய்வந்துவிட்டார் போல என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் நீ ஏன் போகவில்லை என்ற பேச்சு வரும். நான் போய்வந்ததாக அவர் நினைத்தார். அவரும் கேட்கவில்லை, அதே காரணத்துக்காக. அம்மாவைக் கேட்டிருக்கலாம். அது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

மூன்று வாரம் கழித்து மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா சரிந்து விழுந்தார். மருத்துவமனையில் அந்தப் பழைய சீட்டைப் பார்த்த டாக்டர் எக்கோ எடுத்தீர்களா என்று கேட்டார். எடுத்தாச்சு என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"ரிப்போர்ட் கொடுங்க" என்றார் டாக்டர்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நீதானே கூட்டிட்டுப் போன?" என்றார்.

முகத்தில் மாட்டியிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை அம்மா விரலால் கொஞ்சம் விலக்கினார். "எட்க்கல கண்ணு. அந்த மஞ்சள நான்தான் தள்ளி வெச்சேன். அதுக்கோசரம் ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கினு இருந்தீங்க. எனக்கு இன்னா வந்துடப் போவுதுன்னு வெச்சேன்."

ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், எங்கள் முகத்தைப் பார்த்து அதை முடிக்காமல் விட்டார். முடித்திருக்கலாம். அதற்குப் பிறகு அம்மா ஒன்றரை நாள் இருந்தார். என்னோடு கடைசியாகப் பேசியது இதுதான்: "மாடில துணி கீது. மழ வர்ற மாரி கீதே, யார்னா போய் எட்த்தாந்துடுங்க."

இறுதிச் சடங்கன்று பெரியம்மா, அதாவது அம்மாவின் மூத்த அக்கா, என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "குட்த்து வெச்சவ உங்கம்மா. மாப்ள கூட பாத்தரம் கழுவுவாராமே, ஃபோன்ல சொல்லி சொல்லிப் பூரிச்சுப் போவா" என்றார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆமாம் பெரியம்மா என்று நான் சொன்னேன். அந்தப் பொய்யைத் திருத்தத்தான் இத்தனையும் எழுதினேன்.

இனி நன்றி. விழுந்த அம்மாவை மாடியிலிருந்து தூக்கி வந்த கீழ்வீட்டு அண்ணனுக்கும், சிக்னலில் எல்லாம் கெஞ்சி வழி வாங்கிக்கொண்டு வண்டி ஓட்டிய ஆட்டோ ஓட்டுநருக்கும், ராத்திரி பகல் பாராமல் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய சித்தப்பாவுக்கும், இந்த மலரை அச்சிட்ட தம்பிக்கும் எங்கள் வணக்கம். அந்தத் துணியை எடுக்க நாங்கள் யாரும் போகவில்லை. மழை வருமுன் எடுத்து, மடித்து, எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போன எதிர்வீட்டு அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இதில் பிழை திருத்துவது என் கணவரின் பங்கு. முழுவதும் படித்தார். எந்த வரியையும் எடுக்கச் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரைக்கும் பலகையில் ஒரு காந்தம் இருக்கிறது, சிவப்பு. எழுதி முடித்துவிட்டேன். அதை வலப்பக்கம் நகர்த்த இனி நான்தான் எழுந்து போக வேண்டும்.