ஆளைத் தூக்கும் பட்டம்

துபாய் கடற்கரையில் வேலை பார்க்கும் மகன் போனில் காட்டிய பட்டம் படபடவென்று அடித்துக்கொண்டது. “காத்தடைச்ச குழாய், நாலு கயிறு. ஆளையே தூக்கிடும்மா.”

அந்தச் சத்தம் என்னைத் திருச்சியில் நான் பிறந்த வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோனது. என் பட்டத்துக்கு ஈர்க்குச்சி, செய்தித்தாள், ஒரே நூல். மைதாப் பசை மணக்கும் விரலில் நூலைச் சுற்றிக்கொண்டு பெரிய காற்றுக்குக் காத்திருப்பேன்.

“தூக்கிட்டுப் போயிடும்னு பாக்குறியாக்கா?” என்று தம்பி சிரிப்பான்.

நான் பெரியவளானதும் அத்தா மாடிக் கதவைப் பூட்டினார். “தம்பி விடட்டும். நீ கீழயே இரும்மா.” படியில் உட்கார்ந்து படபடப்பை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஈர்க்குச்சிப் பட்டம் ஆளைத் தூக்குமாப்பா?” என்று மகனிடம் கேட்டேன்.

“பூனையைக்கூடத் தூக்காதும்மா.”

அப்படியென்றால் அத்தா ஏன் கதவைப் பூட்டினார் என்று கேட்க நினைத்தேன்.