கப்பலுக்கு வராத மருமகள்

போன வருடம் ஆவணி மாதம். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஒரகடத்தில் கார் சீட் உறை தைக்கும் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். தையல் லைனில் சேர்ந்தவள், கடைசி ஆறு வருடம் சூப்பர்வைசர். வீடு படப்பையில். கணவர் இறந்தபோது மகன் எட்டாம் வகுப்பு. அவனும் வளர்ந்து, படித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினீயர் ஆனான். கல்யாணம் செய்து வைத்தேன். மாடியில் அவர்களுக்கென்று இரண்டு அறை கட்டினேன். கட்டி முடித்த வருடமே கம்பெனி அவனை ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டது. மருமகளும் கூடவே போய்விட்டாள்.

வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஷிப்ட், ஓ.டி., லைனில் நாற்பது பெண்களின் சண்டையும் சிரிப்பும் என்று பொழுது ஓடிவிடும். ஓய்வு பெற்ற பிறகுதான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. காலை ஐந்தரைக்குத் தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும்போது எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாது. ஒருநாள் ஷேர் ஆட்டோவில் ஏறித் தாம்பரம் வரை போய், இறங்கி, அடுத்த ஆட்டோவில் திரும்பி வந்தேன். ஒரு வேலையும் இல்லை. நாலு பேர் பேசுவது காதில் விழுமே என்றுதான் போனேன்.

இதையெல்லாம் மகனிடம் சொன்னதில்லை. போனில் எப்போதும், "நான் ஜாலியா இருக்கேன்டா. இத்தன வருஷம் ரெஸ்டே இல்லாம இருந்தேன், இப்போதான் நிம்மதி" என்பேன். அவனும் சிரிப்பான்.

அவன் விடுமுறையில் வரும்போது மூன்று பேருமாகக் கப்பலில் போகலாம் என்று ஏற்பாடு செய்தான். சென்னைத் துறைமுகத்தில் கிளம்பி, எங்கும் நிற்காமல் கடலிலேயே சுற்றிவிட்டு, மூன்றாம் நாள் திரும்பும் உல்லாசக் கப்பல். பழைய கம்பெனித் தோழிகள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னேன். புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது, அங்கே அவன் கம்பெனியில் புது லைன் தொடங்குகிறார்கள், லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அவர்கள் இருவர் டிக்கெட்டையும் ரத்து செய்தான்.

"நீ மட்டுமாவது போயிட்டு வாம்மா. உனக்குன்னுதான் புக் பண்ணேன்" என்றான்.

"ஏன், போகாமயா? ஜாலியா போயிட்டு வரேன்" என்றேன். போனை வைத்துவிட்டு மாடிப்படியில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கப்பல் பத்து மாடி உயரம். உள்ளே கடைகள், நீச்சல் குளம், பாட்டு, ஆட்டம். ஏறும் இடத்திலேயே ஒரு போட்டோகிராபர் நின்றுகொண்டு எல்லோரையும் படம் எடுத்தார். நான் போய் நின்றதும் கேமராவைக் கீழே இறக்கி, "ஃபேமிலி வந்துரட்டும் மேடம்" என்று எனக்குப் பின்னால் பார்த்தார். நான் நகர்ந்துவிட்டேன். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

அன்று மாலை சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். வாசலில் நின்றிருந்த பணியாள், "எத்தனை பேர் மேடம்?" என்றார். என் கை தானாக மூன்று விரல்களைக் காட்டிவிட்டது. நான்கு நாற்காலி போட்ட மேஜையில் உட்கார வைத்தார். பக்கத்து மேஜையில் பதினொரு பேர் கொண்ட ஒரு குடும்பம். மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். நடுவே என் வயதில் ஓர் அம்மா. வியாசர்பாடிக்காரர் என்று பிறகு தெரிந்தது. அவர்களுக்கு நாற்காலி போதவில்லை. அந்த அம்மா எழுந்து வந்து, என் எதிரே இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "இங்க ஆள் கீறாங்களாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. பையனும் மருமகளும் வராங்க" என்றேன்.

அவர் நாற்காலியை விட்டுவிட்டார். நான் மெதுவாகச் சாப்பிட்டேன். அவர் ஒரு பேரனை மடியில் வைத்து ஊட்டிக்கொண்டே, நடுநடுவே என் மேஜையைப் பார்த்தார். கடைசியில் கேட்டே விட்டார். "இன்னாம்மா, இன்னும் வர்லியா அவுங்க?"

"மருமகளுக்கு வாந்தி. கடல் ஒத்துக்கல போல. பையன் கூட இருக்கான்."

"அய்யோ, புதுசா கண்ணாலம் ஆனவங்களா? முழுகாம கீறாளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேசாமல் இருந்தேன். அவர் அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த நொடியில் வெட்கமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது. மாடி அறையில் மருமகள் படுத்திருக்கிறாள், நான் கஞ்சி எடுத்துக்கொண்டு மேலே போகப் போகிறேன் என்பது போல ஒரு நினைப்பு. இரண்டு ஆரஞ்சுப் பழத்தை எடுத்துப் பையில்கூடப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை அந்த அம்மா உப்பு நார்த்தங்காய்ப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "இத்த வாய்ல அடக்கிக்கச் சொல்லு. தண்ணி நிக்குதா அவளுக்கு?"

"இல்லைங்க. எது குடிச்சாலும் வந்துடுது" என்றேன். பொய்க்கு ஒரு வேகம் இருக்கிறது. அவர் முகம் மாறியது. "டாக்டர்கிட்ட காட்னீங்களா?" என்றார். "பாக்கலாம், அவளுக்கே சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அதன் பிறகு அவர் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்று மதியச் சாப்பாட்டுக்கும் போகவில்லை. வட்டமான ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். எந்தப் பக்கமும் ஒரு படகுகூட இல்லை.

மூன்று மணி வாக்கில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் கப்பல் நர்ஸ், சீருடையில் தமிழ் பேசும் ஓர் அதிகாரி, அவர்களுக்குப் பின்னால் அந்த அம்மா.

"பேஷன்ட் எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே நர்ஸ் உள்ளே வந்துவிட்டார். ஒரே கட்டில். ஒரு ஜோடி செருப்பு. குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தார். யாரும் இல்லை.

அதிகாரியின் குரல் நிதானமாகத்தான் இருந்தது. "அம்மா, லிஸ்ட்ல உங்க பையன் பேரும் மருமக பேரும் இருக்கு. கேன்சல்னு போட்டிருக்கு. ஆனா அவங்க கூட வந்திருக்கிறதா நீங்களே சொல்லியிருக்கீங்க. அவங்களைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?"

அவர் கேட்டது எனக்கு உடனே விளங்கவில்லை. அதற்குள் அவர் கையில் இருந்த வாக்கிடாக்கியில் யாரோ பேசினார்கள். மேல்தளக் கேமரா பதிவுகளைப் பார்க்க ஆள் போயிருப்பதும், கேப்டனுக்குத் தகவல் போயிருப்பதும் அந்தப் பேச்சில்தான் தெரிந்தது. கர்ப்பிணிப் பெண் ஒருத்தி கடலில் விழுந்துவிட்டாளோ என்று தேடுகிறார்கள்.

"யாருமே இல்ல சார். நான் மட்டும்தான் வந்தேன்."

"பின்ன ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

நான் கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன். நான் எதையோ மறைக்கிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கீழே அலுவலக அறைக்கு அழைத்துப் போனார்கள். அந்த அம்மாவும் கூடவே வந்து வாசலில் நின்றார். கப்பலின் இன்டர்நெட் இணைப்பில் மகனுக்கு வீடியோவில் அழைத்தார்கள்.

அவன் வேலையில் இருந்தான். தலையில் ஹெல்மெட், பின்னால் மெஷின் சத்தம். சீருடைக்காரர்கள் நடுவே என்னைப் பார்த்ததும் பதறிவிட்டான். "அம்மா! இன்னா ஆச்சு? அடி கிடி பட்டுச்சா?"

அதிகாரிதான் பேசினார். "சார், நீங்க இப்போ எங்க இருக்கீங்க?"

"ஜெர்மனில சார். ஃபேக்டரில இருக்கேன்."

"உங்க மனைவி?"

"வீட்ல இருக்காங்க."

"அவங்களையும் லைன்ல எடுங்க சார், ப்ளீஸ்."

மருமகள் தலையில் ஈரத்துண்டோடு திரையில் வந்தாள். "அத்தை? அத்தைக்கு என்ன ஆச்சு?" என்றாள். அதிகாரி வாக்கிடாக்கியில், "ஆள் பத்திரம், தேட வேண்டாம்" என்று சொன்னார். பிறகு நடந்ததை அவர்களுக்கு விளக்கினார். மூன்று பேர் வந்ததாக நான் சொன்னது, வாந்தி, கர்ப்பம், எல்லாவற்றையும். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகன் ஒன்றுதான் கேட்டான். "எதுக்கும்மா?"

"சும்மா... வாய்ல வந்துடுச்சுடா."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

அதிகாரி என்னைத் திட்டவில்லை. "கடல்ல ஒரு ஆளைக் காணோம்னா நாங்க கப்பலையே திருப்பணும்மா. பத்து நிமிஷத்துல அதைத்தான் செஞ்சிருப்போம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் நின்றிருந்த அந்த அம்மா போய்விட்டிருந்தார்.

அன்று நான் அறையை விட்டு வெளியே வரவில்லை.

மறுநாள் காலை இறங்குவதற்கு முன் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தேடிப் போனேன். மேல்தளத்தில், பேரப்பிள்ளைகளின் நீச்சல் துணிகளை மடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"மன்னிச்சிடுங்க. தப்பு பண்ணிட்டேன்."

அவர் நிமிரவில்லை. மடித்துக்கொண்டே பேசினார்.

"என் சின்னப் பொண்ணு அஞ்சு மாசமா இருந்தா. ஓயாம வாந்தி. எல்லாருக்கும் வர்றதுதானேன்னு மாமியார் வூட்ல உள்ளயே வெச்சிக்கினாங்க. நான் போய்க் கதவத் தட்றப்போ நேரம் ஆயிடுச்சு. அவ பொழச்சிக்கினா. புள்ள தங்கல." மடித்த துணியை உதறி மறுபடி மடித்தார். "நேத்து உன் ரூம் கதவத் தட்னப்போ என் கை நடுங்கிச்சு. நீ இன்னாடான்னா..."

நான் அழுதுவிட்டேன். அவர் என்னைத் தேற்றவில்லை.

"தனியா வந்தேன்னு சொல்றதுல இன்னாம்மா கீது? சொல்லியிருந்தா எங்க டேபிள்ல ஒரு சேர் போட்டிருப்போம். பதினோரு பேருக்குப் பன்னண்டு பேரு. அவ்ளோதான?"

"எனக்குச் சொல்ல வர்லைங்க."

அவர் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டு எழுந்தார். இரண்டடி போனவர் திரும்பி, "சாப்ட்டியா?" என்றார்.

"இல்ல."

"போய் சாப்டு. எறங்கற நேரத்துல மயக்கம் போட்டு வுழப் போற."

போய்விட்டார். வா, எங்களோடு உட்கார் என்று கூப்பிடுவாரோ என்று ஒரு நொடி நினைத்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கும் உரிமை இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் அதே பணியாள் நின்றிருந்தார். ஒருத்தர்தான் என்று சொன்னேன். அவர் பரிதாபப்படவும் இல்லை, கேள்வி கேட்கவும் இல்லை. ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜையைக் காட்டினார். இரண்டு நாளாக நான் பயந்தது இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று இருந்தது. ஆனாலும் இட்லியில் பாதியை அப்படியே வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஷிப்ட் விடும் நேரம். படப்பை முழுக்கக் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும். கதவைத் திறந்து விளக்கைப் போட்டதும் மகன் அழைத்தான். இரண்டு பேருக்கும் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"அங்க எப்படிம்மா இருக்க? நெஜமா சொல்லு" என்றான்.

"நல்லா இல்லடா" என்றேன். ஷேர் ஆட்டோவில் தாம்பரம் போய் வந்ததைச் சொன்னேன். நான் முடித்ததும் சொன்னான்.

"இங்கயும் நல்லா இல்லம்மா. அவளுக்குப் பேச்சுத்துணைக்கு ஒரு ஆளில்ல. தெனம் அழறா. நீ ஜாலியா இருக்கேன்னு சொல்றப்போ, நாம எதுக்கு அம்மாகிட்ட சொல்லிக் கஷ்டப்படுத்தணும்னு நாங்களும் சிரிச்சிக்கினே இருந்தோம்."

அவன் இன்னும் ஜெர்மனியில்தான் இருக்கிறான். நான் இன்னும் இந்தப் பெரிய வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன். ஒன்றும் மாறிவிடவில்லை. ஆனால் மருமகள் இப்போதெல்லாம் மதிய நேரத்தில் அவளாகவே அழைக்கிறாள். சில நாள் அவள் அழுவாள், சில நாள் நான். பேச ஒன்றும் இல்லாவிட்டால் போனை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு அவள் அங்கே சமைப்பாள், நான் இங்கே கீரை ஆய்வேன்.

அந்த வியாசர்பாடி அம்மாவை நான் மறுபடி பார்க்கவில்லை, இனிப் பார்க்கவும் போவதில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காகக் கை நடுங்கக் கதவைத் தட்டிய அவரை ஏமாற்றியதற்கு என்ன செய்தாலும் ஈடாகாது. இப்போதும் கோயிலிலோ ஆஸ்பத்திரியிலோ யாராவது "கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டால் அவர் முகத்தை நினைத்துக்கொண்டு, "யாரும் இல்லைங்க, நான் மட்டும்தான்" என்று சொல்லிவிடுகிறேன்.