கட்டிலுக்கு நாலு கல்லு

நர்ஸ் வேலையில் வார்டில் படுத்திருப்பவருக்கு மட்டும்தான் வலி வரலாம். நின்றுகொண்டிருப்பவளுக்கு வந்தால் அதற்குப் பெயர் திமிர். நடுவு பிடித்துக்கொண்டு இடுப்பு வலியில் கிடக்கிற கூட்டுக்காரிகளே, இது உங்களுக்காக்கும்.

வாழைக்குலை வியாபாரி

பாறசாலைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்தேன். திருவிதாங்கூர்த் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி நடந்த எல்லைப் போராட்டக் காலம். கூட்டத்துக்குப் போய்ப் போலீஸ் அடி வாங்கினவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கட்டில்களோ முழங்கால் உயரம். பாயில் படுத்துப் பழகினவர்கள் விழுந்துவிடக் கூடாதாம். துடைக்கக் குனி, கட்டுப்போடக் குனி, தூக்கக் குனி.

அமரவிளை வாழைக்குலை வியாபாரி ஒருவர், நல்ல கனமான ஆள், கால் முறிந்து கிடந்தார். அவரைத் தூக்கி உட்கார வைத்தேன். அவர் உட்கார்ந்துவிட்டார், எனக்கு நிமிர முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. அந்த மனுஷன் சொன்னார்: “என்னை எதுக்கு மக்கா கும்பிடுதே? நான் மந்திரி ஒண்ணும் இல்லியே.”

மேட்ரன் தந்த மருந்து

மேட்ரனிடம் போய்ச் சொன்னேன். இருபது வருஷமாக அங்கே இருக்கிறவர், கம்பி மாதிரி நிற்பார். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று அவருக்கும் தெரியும். தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்: “தூக்க முடியாத நர்சு எனக்கு வேண்டாம். இனி நடுவுல கைவச்சு நின்னா, பெட்டியை எடுத்திட்டு வீட்டுக்குப் போலாம்.”

மாடி வீடு

எனக்குக் கோபம் வந்தால் நோவு மறந்துபோகும். மதில் கட்ட இறக்கின வெட்டுகல் முற்றத்தில் கிடந்தது. மறுநாள் காலை நானும் கூட வேலை பார்த்த நர்ஸ் தங்கபாயும், அவளும் என்னைப் போல நடுவு போனவள்தான், நோயாளிகளுக்குக் கூட்டிருக்க வந்த ஆண்களைப் பிடித்து, ஒவ்வொரு கட்டில் காலுக்கும் ஒரு கல் வைத்தோம். ஏறி இறங்க ஒரு பலகைப்படி. குனியாமல் கட்டுப்போட்டேன் பாருங்கள், அன்றைக்குத்தான் படித்த படிப்புக்கு மரியாதை கிடைத்த மாதிரி இருந்தது.

மத்தியானம் பார்த்தால், கூட்டிருக்க வந்தவர்கள் எல்லாம் பாயும் சோற்றுப் பாத்திரமுமாகக் கட்டிலுக்கு அடியில் குடியேறிவிட்டார்கள். வாழைக்குலை வியாபாரியின் மனைவி அடியிலிருந்து தலையை நீட்டினாள்: “மேலே அவரு, கீழே நான். நமக்கும் மாடிவீடு ஆச்சு சிஸ்டரே.”

கல்லை எடு

சாயங்காலம் மேட்ரன் வந்தார். “கல்லை எடு. இல்லைன்னா தொப்பியைக் கழற்று” என்றார்.

தொப்பியைக் கழற்றிக் கட்டிலில் வைத்தேன். “கட்டிலை ஏத்தினது நான். இறக்க என்னால முடியாது. இறக்கினா நாளைக்குத் தங்கபாயும் பெட்டி எடுக்கணும், அப்புறம் இந்த ஆளுகளை யாரு தூக்குவா?” என்றேன்.

மேட்ரன் தானே கல்லை உருவக் குனிந்தார். பாதி குனிந்ததும் அவர் கை நடுவுக்குப் போயிற்று. அந்தக் கையை எங்களுக்குத் தெரியாதா? பிடிக்கப் போனேன், தட்டிவிட்டார். மெல்ல நிமிர்ந்து, தொப்பியை எடுத்து என் கையில் தந்தார். “நான் வந்த காலத்துல இதைச் செய்ய எனக்குத் தைரியம் இல்லாமப் போச்சு. கல்லு அங்ஙனயே கெடக்கட்டு.”

எல்லைக்கோடு நாங்கள் கேட்ட இடத்தில் வந்து நிற்கவில்லை. கட்டில் மட்டும் கேட்ட உயரத்தில் நின்றது.