அக்காவின் இடப்பக்கத்து அலைகள்

அக்காவுக்கு முதலில் வந்தது ஒரு நாற்றம். சோறு வடித்துக்கொண்டிருப்பவள் சட்டென்று நின்று, "டேய், எங்கியோ ரப்பர் எரியுது பாரு" என்பாள். எண்ணூரில் யார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? ஹார்பரில் கிரேன் ஓட்டும் அவள் வீட்டுக்காரர், என் மாமா, "இங்க என்னிக்கு நாத்தம் இல்லாம இருந்துகீது?" என்று சிரிப்பார்.

ஒரு ஞாயிறு ராயபுரம் சர்ச்சில் பூசை நடக்கும்போது, பாட்டுக்குழுவில் நின்றிருந்த அக்கா பாதியில் நிறுத்திவிட்டாள். கண் திறந்திருந்தது. வாய் மட்டும் எதையோ மெல்வதுபோல் அசைந்தது. கூப்பிட்டேன், கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தெளிந்து, "பாட்டு முடிஞ்சிட்ச்சா?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஈ.ஈ.ஜி. எடுக்கச் சொன்னார்கள். டெக்னீஷியன் பெண் அக்காவின் முடியை வகிடு வகிடாகப் பிரித்து, பசை தடவி ஒயர்களை ஒட்டினாள்.

"ஷாக் அடிக்குமாம்மா?"

"இல்லக்கா. உங்க மூளையில ஓடுற அலைய எழுதிக்கும், அவ்ளோதான்."

"நெனைக்கிறதெல்லாம் தெரிஞ்சிடுமா? நான் எங்க வூட்டுக்காரர திட்டினுகீறேன்."

அந்தப் பெண் சிரித்தாள். பதிவு ஓடத் தொடங்கியபின், இடப்பக்கத்து ஒயர்களை மட்டும் இரண்டு முறை அழுத்தி ஒட்டிப் பார்த்தாள்.

டாக்டர் திரையை எங்களுக்குக் காட்டினார். வலப்பக்கத்துக் கோடுகள் நெருக்கமாக ஓடின. இடப்பக்கம், காதுக்கு மேலே, அகலமாக, மெதுவாக எழுந்து விழுந்தன. "இத மட்டும் வெச்சு கட்டின்னு சொல்ல முடியாது. அந்த எடத்துல ஏதோ சரியில்லன்னு காட்டுது. உடனே ஸ்கேன் எடுங்க."

ஸ்கேனில் கட்டி இருந்தது.

ஆபரேஷனில் முடிந்த அளவு எடுத்தார்கள். சில மாதம் நன்றாக இருந்தாள். பிறகு கட்டி திரும்ப வளர்ந்தது, சொற்கள் போகத் தொடங்கின. தம்ளரைக் காட்டி "அது... அந்த..." என்று தவித்து அழுவாள். ஒருநாள் மாமாவின் பெயரே வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் தேடி, "நீ... எங்கூட கீற ஆளு" என்றாள்.

"அது போதும் மே" என்றார் மாமா. வெளியே வந்து, நின்றிருந்த லாரிக்குப் பின்னால் போய் அழுதார்.

மழைக்காலம் தொடங்குமுன் அக்கா இறந்துபோனாள். அடக்கம் முடிந்து வந்த மாலையே மாமா டூட்டிச் சட்டையை மாட்டினார். "இன்னிக்காவது வூட்ல இரு மாமா" என்றேன்.

"குந்திகினு இன்னாடா பண்றது?" என்றார். பட்டனைத் தப்பான துளையில் போட்டிருந்தார். நான் சரி செய்யும்வரை நின்றுகொண்டிருந்தார்.