மைக் இல்லாத ஞாயிறு

ஓய்வு பெற்ற வட்டாட்சியர் சைக்கிள் ஓட்டினால் ஊரில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். பென்ஷன் நின்றுவிட்டது என்பார்கள், இல்லையென்றால் சர்க்கரை ஏறிவிட்டது என்பார்கள். எனக்கு இரண்டும் இல்லை. மணிக்கூண்டுப் பக்கம் காரை நிறுத்த இடம் தேடுகிற நேரத்தில் சைக்கிளில் நாகல் நகர் போய்த் திரும்பிவிடலாம், அவ்வளவுதான். சனிக்கிழமை காலைகளில் எங்கள் குழு ஆத்தூர் அணைப் பக்கம் போய் வரும். போகும்போது ஆரோக்கியம், வரும்போது வடை.

அந்தச் சனிக்கிழமை வினை தொடங்கியது வடைக் கடையில்தான். குழுவில் ஒருவர் நூற்பாலையில் கணக்கர், ஓய்வு நேரத்தில் நாடகம் போடுகிறவர். மறுநாள் மாலை ஒரு பள்ளி மைதானத்தில் அவருடைய நாடகம். அதில் மூன்று பாட்டு. மூன்றையும் பாட இருந்தவள் என் மகள்.

போன வருடக் கடைசியில் அவளுக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. "திரும்பலாம், எப்பன்னு சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். அரசாங்கத்தில் காலம் தள்ளிய எனக்கே இத்தனை பிடிகொடுக்காத பதிலை எழுத வந்ததில்லை. பள்ளியில் பாட்டு ஆசிரியையாக இருந்தவள் வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து இருந்தாள். குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, ஆனால் தணிந்து, கரகரப்பாக. அதன்பின் குளியலறையைத் தவிர வேறெங்கும் அவள் பாடி நாங்கள் கேட்கவில்லை. நாடகத்துக்கு ஒப்புக்கொண்டதே மைக்கை நம்பித்தான். "மைக் வாய்கிட்ட இருந்தா சமாளிச்சிருவேன்ப்பா" என்றாள். இதிலும் முடியாவிட்டால் இனிப் பாட்டே வேண்டாம் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அது எனக்கும் தெரியும்.

வடையைப் பிட்டுக்கொண்டே கணக்கரைக் கேட்டேன், "ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்கியாச்சா?"

"அனுமதியா? வருசா வருசம் அங்கதாண்ணே போடுறோம். யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலைங்கிறது அனுமதி ஆகாது, தம்பி."

"அப்ப நீங்களே பாத்துக்கிடுங்கண்ணே" என்று சட்னிக்குக் கையை நீட்டினார்.

பார்த்துக்கொண்டேன். மனு எழுதி, மைதானத்தின் வரைபடம் இணைத்து, சைக்கிளை மிதித்துக் காவல் நிலையத்துக்குப் போனேன். ஏட்டு மனுவை நிதானமாகப் படித்தார்.

"அருமையா எழுதியிருக்கீங்க சார். ஆனா பள்ளித் தாளாளர்கிட்டத் தடையில்லாச் சான்று வாங்கணுமே?"

தாளாளர் கொடைக்கானலில் இருந்தார். அவருடைய போன் எங்கே இருந்ததோ, எடுப்பார் இல்லை.

"பரீட்சை நேரம் வேற. சுத்துப்பட்டு வீட்டுல பிள்ளைக படிக்குதுக. எங்களுக்குத் தெரியாம நடந்திருந்தா அது வேற சார். இப்ப எழுத்துல குடுத்துட்டீங்க. இனி எப்படித் தெரியாத மாதிரி இருக்கிறது? சான்று வராம மைக் போட முடியாது சார்" என்றார் ஏட்டு.

விதிப்படி அவர் சொன்னது முழுக்கச் சரி. அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அன்று மாலை மனைவியோடு ஓர் ஓவியக் கண்காட்சி. ஒருவர் சிறுமலையைச் சுவர் முழுக்க வரைந்து மாட்டியிருந்தார். எல்லாப் படத்திலும் மேகம் இருந்தது, ஒன்றில்கூட மலையிலிருந்து இறங்குகிற வாழைத்தார் லாரி இல்லை. நான் குறை எதுவும் சொல்லாமல் நின்றதே மனைவிக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது.

"என்ன, மூஞ்சி இம்புட்டு நீளத்துக்குத் தொங்குது?"

சொன்னேன். அவள் மேகங்களைப் பார்த்தபடியே சொன்னாள்:

"ஊருல இருக்கிற சட்டத்தையெல்லாம் நீங்க ஒருத்தரே தலையில தூக்கிட்டுத் திரியணுமா? அவகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

மகள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை மடிப்பதை நிறுத்தவில்லை.

"நீங்களா போய் எழுதிக் குடுத்தீங்களா?"

"ஆமா."

"படமெல்லாம் போட்டு?"

"வரைபடம்."

சிரித்தாள். அந்தக் கரகரப்பான குரலில் அது இருமலா சிரிப்பா என்று முதலில் புரியவில்லை. பிறகு, "நான் வரலைப்பா. வேற யாரையாவது பாடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் தாளாளர் அகப்படவில்லை. மதியம் கணக்கர் வீட்டுக்கே வந்துவிட்டார். என்மேல் கோபத்தோடு வருவார் என்று பார்த்தால், மகளைத்தான் கூப்பிட்டார். "வேற ஆளு இல்லம்மா. மைக் இல்லைன்னா என்ன, கிட்டக்க உக்காரச் சொல்லுவோம். ஒருதரம் வந்து நின்னு பாரு. முடியலைன்னா பாட்டையே எடுத்துருவோம்."

அவள் எழுந்தாள். "பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்று செருப்பை மாட்டினாள்.

மைதானத்தில், கட்டடத்து வராந்தாவில் அவள் நின்றுகொண்டாள். பக்கத்தில் ஆர்மோனியக்காரர். "சுருதியை ஒரு கட்டை இறக்கிக்கிருவோமாம்மா?" என்றார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, சைக்கிளை எடுத்துக்கிட்டுப் பின்னாடி போய்க்கிட்டே இருங்க. பாட்டு கேக்குற வரைக்கும் பெல் அடிங்க. பொய்யா அடிச்சீங்க, பேச மாட்டேன்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். அவள் பாடினாள். பெல் அடித்தேன். வேப்பமரத்தடியில் அடித்தேன். கூடைப்பந்துக் கம்பத்தருகே அடித்தேன். அதைத் தாண்டிச் சில அடி போனதும், வாய் அசைவது தெரிந்தது, பாட்டு வரவில்லை. விரல் பெல்லின் மேலேயே இருந்தது. அடித்துவிடலாம், இத்தனை தூரத்தில் என் காது கேட்டதா இல்லையா என்று யாருக்குத் தெரியப் போகிறது. அடிக்கவில்லை.

நான் திரும்பி வந்ததும் அவள் கேட்டாள்: "எதுவரைக்கும்?"

"கம்பம் வரைக்கும் நல்லாக் கேக்குது. அதுக்கு அந்தப் பக்கம் இல்ல."

அவள் கம்பத்தைத் திரும்பிப் பார்த்தாள். "கம்பம் வரைக்கும் வருதா? அம்புட்டுத் தூரம் வரும்னு நான் நெனைக்கலை" என்றாள். பிறகு கணக்கர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, கம்பத்துக்கு அந்தப் பக்கம் நாற்காலி போடாதீங்க."

அப்படியே போட்டார்கள். நெருக்கியடித்துப் போட்டதில் பாதிப் பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். மீதிப் பேர் தரையில் சமுக்காளத்தில். முதல் பாட்டில் கூட்டம் கொஞ்சம் சலசலத்தது, பிறகு தானாக அடங்கியது. சத்தமாக வராத குரலைக் கேட்க நாமும் சத்தம் போடாமல் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே ஜனங்களுக்குப் புரிந்தது. இரண்டாவது பாட்டு நன்றாகவே போனது.

மூன்றாவதில், மேலே ஏறுகிற இடத்தில் குரல் உடைந்தது. வெறும் காற்றுதான் வந்தது. ஆர்மோனியம் நின்றது. என் மனைவி என் கையைப் பிடித்தாள், வலிக்கும்படி. மகள் தொண்டையில் கைவைத்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க, திரும்ப எடுக்கிறேன்" என்றாள்.

சமுக்காளத்திலிருந்து ஒரு பெண்மணி குரல் கொடுத்தார்: "மெதுவாப் பாடும்மா. எங்களுக்கென்ன பஸ்ஸா போகுது?"

சிரிப்பு எழுந்து அடங்கியது. மகளும் சிரித்தாள். தண்ணீர் குடித்துவிட்டு அதே வரியைக் குரலை இறக்கிப் பிடித்தாள். பழைய குரல் இல்லை அது. பழைய குரல் மணி மாதிரி இருக்கும், இதில் மண் ஒட்டியிருந்தது. ஆனால் அறுபடாமல் கடைசிவரை போனது.

வீட்டுக்கு வந்ததும் அவள் அம்மா வெந்நீர் கொண்டுபோய் நீட்டி, இனி நாளைவரை வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டாள். மகள் வெந்நீரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு ஆர்மோனியக்காரருக்குப் போன் போட்டாள்.

"இல்லண்ணே, இறக்குனது ரொம்ப அதிகம். அடுத்த தடவை மூணாவது பாட்டை அரைக் கட்டை ஏத்திப் பாப்போமா? உடைஞ்சா உடையட்டும்ணே, எங்க உடையுதுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல?"

அவர் மறுத்தார் போலிருக்கிறது. அவள் விடவில்லை. பாடியே காட்டத் தொடங்கினாள், கூடத்தின் நடுவில், எங்கள் இருவர் முன்னாலேயே.