இடது சக்கரத்துக்கு மட்டும் புது லைனிங்

என் அக்கா புருஷனை நினைச்சா இன்னைக்கும் எனக்கு வயித்தெரிச்சல்தான். கண்டியிலிருந்து பன்விலவுக்கு ஓடின பஸ்ஸுக்கு அவர் முதலாளி. ஓட்டுறதும் நான், கழட்டிப் பூட்டுறதும் நான். ஸ்டியரிங்கை ஒரு நாளும் தொட்டதில்லை, ஆனா வண்டியைப் பத்தி வாய் கிழியப் பேசுவார்.

ஒரு நாள் பின் சக்கரங்களைக் கழட்டினேன். டிரம்முக்குள்ள இருக்கிற பிரேக் கட்டைகளில் சக்கரத்தைப் பிடிக்கிற லைனிங் ரெண்டு பக்கமும் தேஞ்சு, பித்தளை ரிவெட் தலை டிரம்மைக் கீறிக்கிட்டிருந்தது. புது லைனிங் வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேன். மனுஷன் ஒரு சக்கரத்துக்கு மட்டும் காணுற லைனிங் துண்டோட வந்து நிக்கிறார்.

"இடது பக்கத்துக்கு மட்டும் அடி. பிரேக் பிடிச்சா வண்டி புது லைனிங் பக்கம், மலைப் பக்கமா இழுக்கட்டும். பள்ளத்துல விழுறதுக்கு மண்ணுல மோதுறது மேல்" என்றார்.

அந்த ரோட்டில் பஸ் வச்சிருந்தவங்க எல்லாரும் பேசின பேச்சுதான் அது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கணும் அத்தான்னு தொண்டை கிழியச் சொன்னேன். "முதலாளி நீயா, நானா?" என்றார். பல்லைக் கடிச்சுக்கிட்டு இடது கட்டைகளுக்கு மட்டும் ரிவெட் அடிச்சேன்.

மறுநாள் பன்விலவில் சொந்தக்காரர் வீட்டுச் சடங்கு. அத்தான், அக்கா, பிள்ளை மூணு பேரும் என் பக்கத்து முன் சீட்டில். வத்தேகம தாண்டினதும் ஒரு மாடு குறுக்கே வர, பிரேக்கை மிதிச்சேன். வண்டி இடது பக்கம் இழுத்துக்கிட்டுப் போய் மண்மேட்டை உரசி நின்னது. அத்தானுக்குப் பெருமை தாங்கலை. "பாத்தியா, மலைப் பக்கம்தான் இழுக்குது."

"திரும்பி இறங்கும்போது இடது பக்கம் என்ன இருக்கும் அத்தான்?" என்று கேட்டேன்.

அவருக்கு முகம் செத்துப்போச்சு. ஏறும்போது இடது பக்கம் மலை, இறங்கும்போது அதே இடது பக்கம் பள்ளம். பன்வில போய்ச் சேரும் வரைக்கும் எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தையே எட்டி எட்டிப் பார்த்தார்.

சாயங்காலம் சடங்கு முடிஞ்சு திரும்புற நேரம், எங்களுக்குப் போட்டியா ஓடின பஸ் வந்து நின்னது. அந்தப் பஸ்காரனைக் கண்டாலே அத்தான் காறித் துப்புவார். அன்னைக்கு அக்காவையும் பிள்ளையையும் அதில் ஏத்தி, தானும் ஏறி உட்கார்ந்தார். ஜன்னல் வழியா என்னைப் பார்த்து, "நீ ஆளுங்களை ஏத்திக்கிட்டு மெதுவா இறங்கி வா" என்றார்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிச்சு. என் பஸ்ஸில் தேயிலைத் தோட்டத்துச் சனம் மூட்டை முடிச்சோட உட்கார்ந்திருந்தது. எல்லாரையும் இறங்கச் சொன்னேன். எஞ்சினைச் சுத்திக் கிளப்புற இரும்புக் கம்பியைக் கொண்டுபோய் அத்தான் மடியில் போட்டேன்.

"உங்க பிள்ளைக்கு ஆகாத பிரேக் எனக்கும் இந்தச் சனத்துக்கும் ஆகுமா? நீங்களே இறக்கிட்டு வாங்க."

அத்தான் கம்பியை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வச்சார். அக்காதான் பேசினாள். "நாலு பேர் முன்னால அத்தானை இப்படி அவமானப்படுத்திட்டியே தம்பி. உனக்குப் பழகின ரோடுதானே, மெதுவா இறக்கினா என்ன?"

இறங்கும்போது இடது பக்கம் என்ன இருக்கும்னு காலையில் நான் கேட்டதைப் பக்கத்தில் இருந்து கேட்டவள்தான் அவளும்.