வரியில்லாத ஊரில் பில் சேர்த்தவள்

எழுபதுகளில் துபாய்க்குப் போன புதிதிலும் நான் ஒரு ரப்பர் வாங்கினால்கூடப் பில் கேட்பேன். திருச்சியில் ஆசிரியையாக இருந்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. வேலைக்காக வாங்கும் புத்தகத்துக்கு அங்கே அப்போது வருமான வரியில் கழிவு உண்டு. பில் இல்லையென்றால் கழிவும் இல்லை.

துபாயின் தேரா கடைத்தெருவில் காகிதக் கடை வைத்திருந்த காயல்பட்டினத்துக்காரர் முதல் நாளே சிரித்தார். “இங்கதான் வரியே கிடையாதே டீச்சர், பில்லை வச்சு என்ன செய்யப் போறீங்க?”

“நீங்க எழுதுங்க பாய். அப்புறம் அது என் பாடு.”

எழுதித் தந்தார். சார்ட் பேப்பர், கலர் சாக்பீஸ், பசை, பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுக்க மிட்டாய், ஒரு நாள் பெரிய குளோப். எங்கள் பள்ளி ஒரு வில்லாவில் நடந்தது. யாரோ படுத்துறங்கிய அறைதான் என் நாலாம் வகுப்பு. சுவரில் ஓர் ஆணியைத் தவிர ஒன்றுமில்லை. குளோப் வந்த பிறகு அதைச் சுற்றிவிடப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டிசம்பர் கடைசியில் பில்களை நூலில் கோத்துப் பள்ளி மேனேஜரிடம் கொடுத்தேன். கோயம்புத்தூர்க்காரர். அவர் மகளும் என் வகுப்புதான்.

“ஏனுங்க டீச்சர், வரியே இல்லாத ஊர்ல எதுலைங்க கழிக்கிறது?”

“கழிக்க வேண்டாம் சார். ஸ்கூல் குடுத்துடட்டும்.”

“நீங்களா ஆசைப்பட்டு வாங்குனதுங்க. ஸ்கூல் கேட்டுதுங்களா?”

அதில் பாதி நியாயம் உண்டு. நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஆனாலும் ‘ஆசைப்பட்டு’ என்றது எனக்குச் சுருக்கென்றது. என்னமோ பட்டுப்புடவை எடுத்த மாதிரி!

“அப்ப அதெல்லாம் என் சொத்துதானே? எழுதிக் குடுங்க.”

சிரித்துக்கொண்டே எழுதிக் கையெழுத்தும் போட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் சார்ட்டுகளைச் சுருட்டி, குளோப்பை மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் வீட்டுக்குப் போனேன்.

வெள்ளி விடுமுறை முடிந்து சனிக்கிழமை வகுப்பில் முதலில் எழுந்தவள் மேனேஜர் மகள். “மிஸ், வேர் இஸ் அவர் குளோப்?”

“எங்க வீட்டுல. அது என் காசுல வாங்கினது.”

அவள் வெறும் சுவர்களைச் சுற்றுமுற்றும் பார்த்தாள். “தென், எங்களுது எது மிஸ்?”

வெட்கமாக இருந்தது. ஆனால் பின்வாங்குகிற ஆள் நானில்லை. “இதையே உங்க அப்பாகிட்ட கேளு,” என்றேன்.

மறுநாள் மேனேஜர் கவரோடு வந்தார். “பதில் சொல்லி முடியலீங்க. இந்தாங்க பணம்.” ஒரு பில்லை மட்டும் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தார். “முட்டாயி பாடத்துல சேராதுங்களே.”

நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதை அடித்திருப்பேன். குளோப்பையும் சார்ட்டுகளையும் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். அவர் எழுதித் தந்த சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத் தாளில் நானே எழுதினேன்: இந்தக் குளோப் பள்ளிக்கூடத்துக்கும் இல்லை, டீச்சருக்கும் இல்லை; நாலாம் வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுக்குச் சொந்தம்.

மேனேஜர் ஒரு பக்கம் கையெழுத்துப் போட்டார், நான் ஒரு பக்கம். வாங்கிக்கொண்டவர் என்ற இடத்தில், பென்சிலை அழுத்திப் பிடித்து, அவர் மகள் போட்டாள்.